நேபாளத்துப் பறவைகளும் ஹாட்ஜ்ஸன் துரையும்

பறவை நூல் ஒன்றைக் கையில் எடுத்து, இமயமலைப் பறவைகளைப் பற்றிய பக்கங்களைப் புரட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு பறவைக்கும் லத்தீனில் ஒரு பெயர் இருக்கும். அதன் பின்னால், அந்தப் பறவையை முதன்முதலில் விவரித்து உலகுக்கு அறிவித்தவருடைய பெயரும் ஆண்டும் இருக்கும். நிபாலென்ஸிஸ், ஹாட்ஜ்ஸன், 1836. நிபாலென்ஸிஸ், ஹாட்ஜ்ஸன், 1837 என்று அந்தப் பக்கங்களில் இவ்விரு சொற்களும் அண்ணன் தம்பிபோலச் சேர்ந்தே வந்துகொண்டிருக்கும். நிபாலென்ஸிஸ் என்றால் நேபாளத்தைச் சேர்ந்தது என்று பொருள். குளிர்காலத்தில் வட இந்தியச் சமவெளிக்கு வந்து தங்கும் பெரிய புல்வெளிக் கழுகு நிபாலென்ஸிஸ். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நள்ளிரவில் மனிதர் ஓலமிடுவதுபோல் அலறும் பேராந்தை ஒன்று உண்டே, இலங்கையில் உலமா என்று மக்கள் அஞ்சும் பறவை அதுவே என்று பலரும் கருதுகிறார்களே, அதுவும் நிபாலென்ஸிஸ்தான். நேபாளத்தையே கண்டிராத ஆந்தைக்கு அந்த நாட்டின் பெயர் எப்படி வந்தது? அதை முதலில் விவரித்தவர் காட்மாண்டுவில் உட்கார்ந்திருந்தார் என்பதே காரணம்.

உட்கார்ந்திருந்தார் என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்காக அன்று. பிரையன் ஹாட்டன் ஹாட்ஜ்ஸன் நேபாளத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நாட்டுப் பறவைகளைப் பற்றி அவர் அறிந்த அளவு அக்காலத்தில் எந்த ஐரோப்பியரும் அறிந்ததில்லை. ஆனால் காட்மாண்டுப் பள்ளத்தாக்கையும், அங்கிருந்து சமவெளிக்கு இறங்கும் ஒரே பாதையையும் தவிர அந்த நாட்டில் வேறெங்கும் அவர் நடந்து திரிந்ததில்லை. நடக்க விடவில்லை! மலையும் காடுமாக விரிந்துகிடந்த ஒரு நாட்டின் பறவைகளை, அந்தக் காடுகளுக்குள் நுழையவே இயலாத ஒருவர் எப்படி அறிந்துகொண்டார்? இந்தக் கேள்விதான் என்னை அவருடைய வாழ்க்கைக்குள் இழுத்தது. விலங்கியல் முதுகலை வகுப்பில் பாடம் செய்த பறவைத் தோல்களின் கால்களில் கட்டியிருக்கும் சிறு சீட்டுகளைப் படித்துப் படித்துக் கண் பூத்த எனக்கு, அந்தச் சீட்டில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் ஏறுவதில்லை என்பது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

ஹாட்ஜ்ஸன் இங்கிலாந்தில் செஷையர் மாகாணத்துப் பிரெஸ்ட்பரி என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் பிறந்தவர். தந்தை ஒரு வங்கியில் பணத்தைப் போட்டு இழந்தவர். வசதியாக இருந்த குடும்பம் நொடித்துப் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகம் ஒன்றுதான் அத்தகைய குடும்பத்துப் பையன்களுக்குக் கரை சேரும் வழி. தெரிந்தவர்களின் தயவால் ஹெய்லிபரியில் இருந்த கம்பெனிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜனத்தொகையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மால்தஸ் அப்போது அங்கே ஆசிரியர். 1818-ல் ஹாட்ஜ்ஸன் கல்கத்தாவில் வந்து இறங்கினார். வயது பதினெட்டு இருக்கலாம். வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பாரசீகமும் சமஸ்கிருதமும் படித்தார். படிப்பு முடியுமுன் உடம்பு கெட்டது. ஈரல் கோளாறு என்றார்கள். வங்கத்துச் சமவெளியில் இருந்தால் பிழைப்பது அரிது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டும், அல்லது மலைப் பிரதேசத்தில் உத்தியோகம் தேட வேண்டும் என்பது வைத்தியர் சொன்ன யோசனை. ஊருக்குப் பணம் அனுப்பவேண்டியவன் வேலையை எப்படி விடுவான்? வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு மெஸ் கட்டணத்துக்குத் தவணை கேட்கும் நம்மில் சிலருக்கு அந்த இளைஞனின் நிலை நன்றாகப் புரியும்.

குமாவோன் மலையில் ஓராண்டு இருந்தார். 1820-ல் காட்மாண்டுவுக்கு உதவி ரெஸிடெண்டாகப் போனார். நடுவில் பதவி உயர்வு தேடிக் கல்கத்தாவுக்குத் திரும்பினார். உடல் மீண்டும் படுத்தியது. 1824-ல் கீழ்ப்பதவி ஒன்றை ஏற்றுக்கொண்டு காட்மாண்டுவுக்கே வந்து சேர்ந்தார். அது முதல் 1843 வரை அவருடைய வாழ்வு அந்தப் பள்ளத்தாக்கில்தான். 1833-ல் ரெஸிடெண்ட் ஆனார்.

ரெஸிடெண்ட் என்றால் பெரிய அதிகாரம் என்று நினைக்கக்கூடாது. தஞ்சையிலோ ஹைதராபாத்திலோ இருந்த ரெஸிடெண்டுகள் வேறு. நேபாளத்து ரெஸிடெண்ட் வேறு. 1814 முதல் 1816 வரை கூர்க்கர்களும் கம்பெனியும் போரிட்டார்கள். நேபாளம் தோற்று, சுகௌலி உடன்படிக்கையின்படி நிலத்தையும் இழந்து, தலைநகரில் ஓர் ஆங்கிலேயப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளவும் சம்மதித்தது. வேண்டாத விருந்தாளியை வீட்டுக்காரர் எப்படி நடத்துவாரோ அப்படியே அரசவையினர் ரெஸிடெண்டை நடத்தினர். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பள்ளத்தாக்கைத் தாண்டி நாட்டின் உள்ளே போக அனுமதி இல்லை. போகும் இடமெல்லாம் கண்காணிப்பு உண்டு. ஆங்கிலேயன் நாட்டைச் சுற்றிப் பார்த்தால், பின்னால் பட்டாளம் வரும் என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவின் கதையை அறிந்தவர்கள் அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல முடியுமா?

நேபாளத்தின் இயற்கை அமைப்பை இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். தெற்கே கங்கைச் சமவெளியை ஒட்டியது தராய் என்னும் ஈரக்காடு. புலியும் காண்டாமிருகமும் வாழும் இடம். அக்காலத்தில் கோடையிலிருந்து மழைக்காலம் முடியும்வரை அங்கே இரவு தங்கியவர் மலேரியாவில் மாண்டனர். அதற்கு வடக்கே ஓக் மரங்களும் ரோடோடெண்ட்ரான்களும் அடர்ந்த நடுமலைகள். 4,500 அடி உயரத்தில் ஒரு கிண்ணம்போல இருக்கும் காட்மாண்டுப் பள்ளத்தாக்கு இந்த நடுப்பகுதியில் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்புபோல் நிற்கும் புல்சோக்கி, சிவபுரி முதலிய குன்றுகள் 9,000 அடி வரை எழும்புகின்றன. அதற்கும் வடக்கே பனிமலைகள்; அவற்றுக்கு அப்பால் திபெத். தெற்கு எல்லையிலிருந்து வடக்கு எல்லைக்குக் காகம் பறக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தச் சிறு தூரத்துக்குள் வெப்ப மண்டலத்திலிருந்து துருவப் பிரதேசம் வரை எல்லாத் தட்பவெப்பமும் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. அடுக்குக்கு அடுக்கு மரம் மாறும். மரம் மாறினால் பறவை மாறும். இன்று நேபாளத்தில் கணக்கிட்டுள்ள பறவையினங்கள் 880-க்கு மேல். இத்தனை சிறிய நாட்டுக்கு இது மிகப் பெரிய செல்வம்.

இந்தச் செல்வத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த ஹாட்ஜ்ஸன் என்ன செய்தார்? தாம் போக முடியாத இடங்களுக்குப் போகக்கூடியவர்களைத் தேடினார். உள்ளூர் வேட்டைக்காரர்கள், கண்ணி வைப்பவர்கள் ஆகியோரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவர்களுக்கு எந்த வழியும் அடைபட்டிருக்கவில்லை. தராய்க்கு இறங்கினார்கள், பனி எல்லை வரை ஏறினார்கள். சுட்டதையும் பிடித்ததையும் மூங்கில் கூடைகளிலும் மூட்டைகளிலும் கட்டி ரெஸிடென்ஸிக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனி இதற்கென்று ஒரு காசும் தரவில்லை. அவருடைய சம்பளத்திலிருந்தே எல்லாச் செலவும்.

பறவை வந்து சேர்ந்தவுடன் அளவெடுப்பார். இரைப்பையை அறுத்து உள்ளே பூச்சியா, பழமா, தானியமா என்று பார்ப்பார். கொண்டுவந்தவரைக் கேள்விமேல் கேள்வி கேட்பார்: எந்த மலையில் கிடைத்தது, எவ்வளவு உயரத்தில், எந்த மாதத்தில், தனியாக இருந்ததா, கூட்டமாகவா, தரையிலா, மரக்கிளையிலா, கூடு எப்படி இருந்தது, முட்டை என்ன நிறம்? அதே காலத்தில் லண்டனில் இருந்த விஞ்ஞானிகள் பலர், கப்பலில் வந்த தோலை மேசைமேல் வைத்து இறகை எண்ணிப் பெயரிட்டு முடித்துக்கொண்டார்கள். அந்தத் தோல் உயிரோடு இருந்தபோது என்ன செய்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஹாட்ஜ்ஸனுக்குத் தெரிந்தது. மலையேறிய மனிதர் ஒருவர் எதிரே நின்று சொல்லக் கேட்டதனால்தான் தெரிந்தது. தாழ்மலை, நடுமலை, உயர்மலை என்று இமயத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்து, எந்த உயிரினம் எந்தப் பட்டைக்கு உரியது என்று அவர் எழுதி வைத்தது பிற்கால ஆராய்ச்சிக்குப் பெரிய அடிப்படையாயிற்று. அந்த உயரங்களையெல்லாம் அவருக்காகக் காலால் அளந்தவர்கள் அந்த வேட்டைக்காரர்களே.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். ராஜ்மான் சிங் என்ற நேபாள ஓவியர். கோயில்களுக்கும் பௌத்த விஹாரங்களுக்கும் படம் எழுதும் மரபில் வந்தவர்களுக்குப் பறவையின் கால் செதிலை எண்ணி வரையக் கற்றுக்கொடுத்தார் ஹாட்ஜ்ஸன். அவர்கள் வரைந்த பறவை, விலங்குப் படங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் லண்டனில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஓரங்களில் அலகின் நீளம், கண்ணின் நிறம், கிடைத்த இடம் எல்லாம் குறித்திருக்கும். அச்சில் அவற்றின் பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். பாடம் செய்த பொம்மைபோல் விறைத்து நிற்காமல், இதோ பறக்கப் போகிறது என்பதுபோல் இருக்கின்றன. ரெஸிடென்ஸித் தோட்டத்தில் கரடிகளும் புனுகுப் பூனைகளும் மலைக்கோழிகளும் உயிரோடு வளர்க்கப்பட்டன என்பதால், சில படங்களுக்கு உயிருள்ள மாதிரியே கிடைத்திருக்கும்.

இவ்வளவு உயிர்களைச் சுடவைத்தவர் புலால் உண்ணாதவர் என்பது வேடிக்கை. உடல்நலம் கருதி 1830-களில் இறைச்சியையும் மதுவையும் விட்டுவிட்டு, நம்மவர் சாப்பாட்டுக்கு மாறிவிட்டார். ஒரு முகமதியப் பெண்மணியுடன் அங்கே இல்லறமும் நடத்தினார். ஒரு மகன், ஒரு மகள். இருவரையும் ஹாலந்தில் இருந்த தம் சகோதரியிடம் வளர அனுப்பினார். இருவருமே இளமையில் இறந்தனர். அந்தப் பெண்மணியைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை.

இனி, பெயர்களின் கதைக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி இது. புதிய இனத்துக்கு மட்டுமன்றி, புதிய பேரினத்துக்கும் பெயர் வைக்கும் வாய்ப்பு ஹாட்ஜ்ஸனுக்குப் பலமுறை கிடைத்தது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் பெயர் வைப்பதுதான் வழக்கம். ஹாட்ஜ்ஸனோ வேட்டைக்காரர்கள் சொன்ன நேபாளப் பெயர்களையே பல இடங்களில் எடுத்து வைத்துவிட்டார். யூஹினா, மின்லா, குட்டியா, கொச்சோவா, தேசியா, சூதோரா, சிவா என்று வரிசையாக 1836, 1837 ஆண்டுகளில் அவர் அச்சிட்ட பெயர்களைப் பாருங்கள். பாசி படர்ந்த கிளையில் ஊர்ந்து பூச்சி தேடும் செம்முதுகுப் பறவை குட்டியா. நம் காதுக்குத் தமிழ்க் குட்டிபோல் ஒலித்தாலும் அது நேபாள மலைச்சொல். தலையில் சிறு கொண்டையுடன் கூட்டமாகத் திரிவது யூஹினா. வாலே இல்லையோ என்று தோன்றும்படி, கட்டைவிரல் பருமனில் புதரடியில் துள்ளுவது தேசியா.

ஐரோப்பிய விலங்கியலாருக்கு இது பிடிக்கவில்லை. காட்டுமிராண்டிச் சொற்கள் விஞ்ஞானத்தில் புகலாமா என்று முகம் சுளித்தார்கள். எதிர்ப்பு வலுத்தபின், 1841-ல் ஹாட்ஜ்ஸனே தம் பேரினங்கள் பலவற்றுக்குக் கிரேக்க லத்தீன் சொற்களால் மாற்றுப் பெயர்கள் வெளியிட்டார். ஆனால் விலங்கியலில் ஒரு விதி உண்டு: முதலில் முறையாக அச்சேறிய பெயருக்கே முதலுரிமை. பின்னால் வந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது. அந்த விதியினால் கிரேக்கப் பெயர்கள் உதிர்ந்தன, மலைச்சொற்கள் நிலைத்தன. யூஹினாவும் குட்டியாவும் கொச்சோவாவும் இன்று உலகெங்கும் அச்சாகும் நூல்களில் இருக்கின்றன. அந்தச் சொற்களைச் சொன்னவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்று கேட்டால் விடை இல்லை. ஓவியர் ராஜ்மான் சிங்கின் பெயர் தப்பிப் பிழைத்தது. கண்ணி வைத்தவர்களின் பெயர்கள் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் சிங்காலிலா மலைத்தொடருக்குச் சென்றபோது இது என் நெஞ்சில் நன்றாக உறைத்தது. டார்ஜிலிங் மாவட்டத்தில், மானேபஞ்சன் என்ற சிற்றூரிலிருந்து டோங்லு, சந்தக்ஃபு என்று ஏறும் பாதை அது. எல்லையை ஒட்டியே போவதால், ஒரு வளைவில் இந்தியாவில் நடப்போம். அடுத்த வளைவில் நேபாளத்தில் நடப்போம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த நேபாள மொழிக்காரர். அவரை நாங்கள் தாஜு என்று அழைத்தோம். அண்ணன் என்று பொருள். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில், அவர் சட்டென்று நின்று கையை உயர்த்துவார். எங்கள் காதுக்கு எதுவும் கேட்காது. சிறிது நேரம் கழித்து மூங்கில் புதரில் ஓர் அசைவு, ஒரு கொண்டை, யூஹினாக்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாகக் கடந்து போகும். எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்தத் திருப்பத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்று அவர் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. எங்களிடம் இருந்த படிவத்தில் பறவையின் பெயர், உயரம், நேரம், பார்த்தவர் பெயர் என்று கட்டங்கள் இருந்தன. முதலில் கேட்டவர் பெயருக்குக் கட்டம் இல்லை. நான் ஓரத்தில் அவர் பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதி வைத்தேன். இறுதி அறிக்கை தட்டச்சாகும்போது ஓரக்குறிப்புகள் நிற்கவில்லை.

இப்படியிருக்க, ஹாட்ஜ்ஸனை நான் எப்படி மதிப்பிடுவது? அவரைத் திட்டித் தீர்ப்பது எளிது. சொந்தப் பணத்தைக் கொட்டியவர், உள்ளூர்ச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தவர், மற்றத் துரைமார்கள் செய்யாததைச் செய்தவர் என்று போற்றுவதும் எளிது. இரண்டும் உண்மையே. அவர் அரசியல் உளவும் பார்த்தார், பறவையும் பார்த்தார். இரண்டுக்கும் உதவியது அதே ஆள்பலந்தான் என்று நேபாள அரசவையினர் ஐயப்பட்டிருந்தால் அவர்களை நான் குறை கூறமாட்டேன். அரசவைக் கட்சிப் பூசல்களில் அவர் ஆழ இறங்கினார் என்பதும் உண்மை. அதுவே அவர் பதவிக்கு உலை வைத்தது. கவர்னர் ஜெனரல் எல்லன்பரோவுக்கும் அவருக்கும் பிணக்கு ஏற்பட்டு, 1843-ல் காட்மாண்டுவை விட்டு வெளியேறினார். சிம்லாவில் சிறு உத்தியோகம் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று ராஜிநாமா செய்துவிட்டார்.

நேபாளத்து உயிரினங்கள் அனைத்தையும் வண்ணப்படங்களோடு பெருநூலாக வெளியிட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் கனவு. அது நிறைவேறவே இல்லை. செலவு பெரிது, சந்தாதாரர்கள் போதவில்லை, லண்டனில் அவருக்காக ஓடியாட ஆளும் இல்லை. கல்கத்தாவில் கட்டுரை அச்சாகி அது லண்டன் போய்ச் சேர்வதற்குள், வேறொருவர் அதே பறவைக்குப் பெயரிட்டு முந்திக்கொண்ட சம்பவங்களும் உண்டு. 1844-ல் அவருடைய பெயர்ப்பட்டியல் ஒன்று, பெரும்பாலும் விவரணை இன்றி வெறும் பெயர்களாக அச்சிடப்பட்டது. விவரணை இல்லாத பெயர் செல்லாது என்பதால் அவற்றில் பல வீணாயின. 1843-லும் 1858-லும் அவர் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு வழங்கிய தோல்களும் எலும்புகளும் பத்தாயிரத்துக்கும் மேல். விலைக்கு விற்கவில்லை, இனாமாகவே கொடுத்தார்.

1845-ல் மீண்டும் இந்தியாவுக்கு வந்து டார்ஜிலிங்கில் தனி மனிதராகக் குடியேறினார். தாவரவியலார் ஜோஸஃப் ஹூக்கர் 1848-ல் அங்கே வந்தபோது அவருக்குத் தம் வீட்டையும் நூல்களையும் திறந்துவிட்டார். நன்றிக்கு அடையாளமாக ஹூக்கர் ஒரு ரோடோடெண்ட்ரானுக்கு ஹாட்ஜ்ஸோனியை என்று பெயரிட்டார். சிங்காலிலாவில் அந்த மரத்தின் அடியில் நின்றுதான் நாங்கள் ரொட்டி தின்றோம். தோல்போல் உரியும் பட்டையும், கைமுழ நீள இலையும் கொண்ட மரம்.

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, கல்வி பற்றியது. மெக்காலே 1835-ல் ஆங்கிலமே வேண்டும் என்றபோது, மறுபக்கத்தார் சமஸ்கிருதமும் அரபியும் வேண்டும் என்று வாதிட்டார்கள். ஹாட்ஜ்ஸன் இரண்டையும் மறுத்து, மக்கள் பேசும் தாய்மொழியிலேயே கல்வி அமையவேண்டும் என்று கடிதங்கள் எழுதி, 1837-ல் நூலாகவும் வெளியிட்டார். யாரும் செவிசாய்க்கவில்லை. மற்றொன்று இன்னும் விசித்திரம். டார்ஜிலிங்கில் பறவை ஆராய்ச்சி குறைந்து மொழி ஆராய்ச்சி மிகுந்தபோது, இமய அடிவாரத்துப் பழங்குடிகள் முதல் நீலகிரி மக்கள் வரை ஆரியரல்லாத எல்லோரையும் ஒரே இனமாகக் கருதி, அவர்களைத் தமூலியர் என்று அழைத்தார். நம் மொழியின் பெயரை இமயத்தின் உச்சிக்கே ஏற்றிவிட்டார்! 1856-ல் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் திராவிடம் என்ற சொல்லை நிலைநாட்டினார். இமயமலை மொழிகள் திபெத்திய பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தவை, நம் குடும்பம் வேறு என்பது இன்று தெளிவு. ஹாட்ஜ்ஸனின் கொள்கை நிற்கவில்லை. ஆனாலும் பெருமை பேசும் சிலருக்கு இதைச் சொல்லிவைத்தால் பிடித்துக்கொள்வார்களே என்று எனக்குக் கொஞ்சம் பயந்தான்.

1858-ல் இங்கிலாந்து திரும்பினார். அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தும் பறவைகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை. பழைய குறிப்புகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பின்னாளில் காங்கிரஸைத் தோற்றுவித்த ஹ்யூம், இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றித் தொகுத்த நூலில் ஹாட்ஜ்ஸனின் குறிப்புகள் நிறைய இடம் பெற்றிருக்கின்றன. 1877-ல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1894-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி காலமானார்.

அவர் போனபின் அவருடைய பறவைகளின் கதை முடியவில்லை. 1836-ல் அவர் விவரித்தவற்றுள் ஒன்று, முள்ளைப்போல் விறைத்த இறகுத் தண்டுகளும் முகத்தில் வெண்மையும் உள்ள பழுப்புநிறச் சிலம்பன். நேபாளத்துக்கு மட்டுமே உரிய ஒரே பறவை அது. ஹாட்ஜ்ஸனுக்குப் பிறகு, நூறாண்டுக்கு மேல் எந்த விஞ்ஞானியும் அதைக் காணவில்லை. அழிந்தே போயிற்று என்று கருதினார்கள். 1948-ல் நேபாளம் ஓர் அமெரிக்கக் குழுவுக்குக் கதவைத் திறந்தது. தலைவர் டில்லன் ரிப்ளி. பிற்பாடு நம் ஸலீம் அலியோடு சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதியவர். மலைச்சரிவின் புதர்க்காட்டில் அவர் அந்தச் சிலம்பனைக் கண்டெடுத்தார். உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. அங்குள்ள கிராமத்தாருக்குக் கொண்டாட ஒன்றுமில்லை. காண்டே ப்யாகுர் என்று தங்கள் மொழியில் அதற்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டு, தோட்டத்து ஓரங்களில் அதன் குரலைக் கேட்டுக்கொண்டே அவர்கள் இருந்திருக்கிறார்கள். முட்பறவை என்பதுதான் அந்தப் பெயரும்.

எல்லாப் பறவைகளுக்கும் இப்படி நல்ல காலம் பிறக்கவில்லை. ஹாட்ஜ்ஸன் முதன்முதலில், 1829-ல் விவரித்த பறவைகளில் ஓர் இருவாட்சி உண்டு. ஆண்பறவையின் தலையும் கழுத்தும் துருப்பிடித்த இரும்பின் செம்மை. பெண் முழுக் கறுப்பு. பெரிய மரங்களின் பொந்தில்தான் கூடு கட்டும். அதற்கும் அவர் நிபாலென்ஸிஸ் என்றே பெயர் வைத்தார். இன்று அது பூட்டானிலும், அருணாசலத்திலும், வட வங்கத்து மலைக்காடுகளிலும் இருக்கிறது. நேபாளத்தில் இல்லை. அந்த நாட்டில் அது ஒரு காலத்தில் இருந்தது என்பதற்குச் சான்று, யாரோ ஒரு வேட்டைக்காரர் மலையிறங்கி வந்து ரெஸிடென்ஸி வாசலில் இறக்கி வைத்த மூட்டைகளும், அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்புகளும், லத்தீனில் நிற்கும் அந்த நாட்டுப் பெயருந்தான்.